வாயில் வைத்த கோப்பை

14 பிப்ரவரி 2024, புதன்

சாம்பல் புதன். ஆண்டு முழுக்க நாட்குறிப்பு எழுத எனக்குப் பொறுமை கிடையாது. தவக்காலத்தின் நாற்பது நாள் மட்டும் எழுதி, ஈஸ்டரோடு மூடிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் மதர் ஏற்படுத்திய பழக்கம்.

காலைப் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு நேரே அருங்காட்சியகத்துக்குப் போனேன். செயலாளர் அருளப்பன் சார் காத்திருந்தார். மாடியில் புது அறை திறக்கிறார்கள். கிடங்கில் கிடக்கும் பன்னிரண்டு பழைய ஐரோப்பிய ஓவியங்களை அங்கே மாட்டப்போகிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நூறு சொல்லில் தமிழ்க் குறிப்பு வேண்டும், காப்பாளர் நீங்கள்தானே எழுத வேண்டும் என்றார். திறப்பு மார்ச் 22.

பட்டியலில் ஏழாவது, ஒயின் ருசி பார்க்கும் ஆளின் படம். அது பாதி அழுக்காக இருக்கிறது, கிடங்கிலேயே இருக்கட்டுமே என்றேன். சென்னையிலிருந்து ஒரு பெண் சுத்தம் செய்ய வருகிறாள், கவலை வேண்டாம் என்றார்.

இரவுக்குக் கஞ்சி போதும்.

15 பிப்ரவரி, வியாழன்

மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்தான். அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. இந்தத் தண்ணீரைத்தான் இத்தனை நாளும் குடித்திருக்கிறேன்.

19 பிப்ரவரி, திங்கள்

சென்னைப் பெண் வந்துவிட்டாள். பெயர் மிருதுளா. முப்பது வயது இருக்கும். கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிடங்குக்குள் ஏதோ சொந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைவதுபோல நுழைந்தாள். பன்னிரண்டு படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்தோம்.

ஏழாம் எண்ணை எட்டு வருடம் கழித்து இன்றுதான் பார்க்கிறேன். முழங்கை நீளத்தில் சின்னப் படம். ஒரு நிலவறை. பீப்பாய்கள். தோல் ஏப்ரன் கட்டிய நடுவயது ஆள் ஒருவன் வலது கையில் கோப்பையைப் பிடித்து நிற்கிறான். இப்போதுதான் அதை உதட்டிலிருந்து எடுத்திருக்கிறான். ஒரு கன்னம் உப்பியிருக்கிறது. ஒரு கண் மூடியிருக்கிறது. கோப்பையில் மிச்சமிருக்கும் சிவப்பில் பக்கவாட்டுச் சன்னலின் வெளிச்சம் ஒரு புள்ளியாக நிற்கிறது. அவன் இடுப்புக்குக் கீழேயும் இடப்பக்கமும் ஒரே பழுப்பு. நூறு வருடப் புகை.

பழைய பதிவேட்டில் பிரெஞ்சில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால், ‘குடிகாரப் பணியாள்’.

21 பிப்ரவரி, புதன்

ஏழாம் எண்ணுக்கு எழுதியது:

‘எசமான் வீட்டில் இல்லாத நேரம். நிலவறைக்குள் நழுவிய பணியாள் விலை உயர்ந்த ஒயினைத் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான். சிவந்த மூக்கும், உப்பிய கன்னமும், சொக்கிய கண்ணும் அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. பணியாளர்களின் சிறு திருட்டுகளை நகைச்சுவையோடு தீட்டுவது அக்கால ஓவியர்களுக்குப் பிடித்தமான ஒன்று.’

அருளப்பன் சார் படித்துச் சிரித்தார். இதுதான் மேடம் சனங்களுக்கு வேணும் என்றார். மற்ற பதினொன்றும் இதேபோல் இருக்கட்டும் என்றார்.

துணி துவைக்கும் இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. கையாலேயே துவைத்தேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

மிருதுளா என்னைக் கிடங்குக்குக் கூப்பிட்டாள். ஏழாம் எண் மேசைமேல் படுத்திருந்தது. உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து, ஆளின் முகத்தையும் கையையும் பார்க்கச் சொன்னாள்.

“மேடம், இங்க ஏற்கெனவே யாரோ சுத்தம் பண்ணியிருக்காங்க. முகம், கை, கோப்பை வரைக்கும். அப்புறம் திடீர்னு நிறுத்திட்டாங்க. எவ்வளவு நல்ல கை தெரியுமா? ஒரு இடத்துலகூட வண்ணம் நகரல. எச்சில்லதான் பண்ணியிருக்கணும்.”

எச்சிலா என்று கேட்டேன்.

எச்சிலைப் பஞ்சில் தொட்டு உருட்டி எடுப்பது உலகம் முழுக்க உள்ள முறை என்று விளக்கினாள். எச்சிலில் இருக்கும் ஏதோ ஒன்று புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்குமாம், ஆனால் வண்ணத்தைத் தொடாதாம். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். அப்படியா, அப்படியா என்றேன்.

யார் செய்தது என்று கேட்டாள். முன்பு தணிகாசலம் என்று ஒரு பராமரிப்பாளர் இருந்தார் என்றேன். இப்போது எங்கே என்றாள். வேலையை விட்டுப் போய்விட்டார் என்றேன்.

24 பிப்ரவரி, சனி

விட்டுப் போகவில்லை. அனுப்பினார்கள். 2016 ஆகஸ்டில், வேலை நேரத்தில் குடித்ததாக.

விசாரணையில் நான் பார்த்ததைத்தான் சொன்னேன். மதியம் மூன்று மணிக்குக் கிடங்குக் கதவைத் திறந்தபோது அவர் சன்னல் பக்கம் நின்று ஒரு கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். பிறகு வாயில் வைத்தார். மேசையில் மூடி திறந்த ஸ்பிரிட் போத்தல் இருந்தது. அறையில் வாடை இருந்தது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

26 பிப்ரவரி, திங்கள்

அம்மாவின் நினைவு நாள். பூசைக்குக் காணிக்கை கொடுத்திருந்தேன். சாமியார் அம்மாவின் பெயரைத் தவறாக வாசித்தார். வந்து மத்தி மீன் வாங்கி, பிறகு தவக்காலத்துக்கு மீனை விட்டிருப்பது நினைவுக்கு வந்து, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

கிடங்கு எப்போதும் ஸ்பிரிட் வாடைதான் அடிக்கும். தூரிகை கழுவ, கண்ணாடி துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். இன்றும் அடித்தது. சனிக்கிழமை எழுதியதில் இதை விட்டுவிட்டேன்.

4 மார்ச், திங்கள்

பழுப்பு கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆளின் காலடியில் ஒரு மரவாளி இருக்கிறது. அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு வழிசல். தரையிலும் இரண்டு மூன்று சொட்டு. இடப்பக்கம் நிலவறைக் கதவு. அகலத் திறந்திருக்கிறது.

மிருதுளா என் குறிப்பைப் படித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. திருடிக் குடிப்பவன் கதவை ஏன் திறந்து வைத்துக்கொள்கிறான் என்று கேட்டாள். வாயில் இருப்பதை அவன் விழுங்கவில்லை, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறான், துப்பத்தான் வாளி என்றாள். ஒயின் ருசி பார்க்கிறவர்கள் குடிப்பதில்லை, கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். கோப்பையை வெளிச்சத்தில் பிடிப்பது தெளிவைப் பார்க்க. இது அவன் வேலை.

அருளப்பன் சாரும் வந்திருந்தார். மூக்கு சிவந்திருக்கிறதே என்றார். நிலவறை குளிராக இருக்கும் சார் என்றாள். பதிவேட்டில் குடிகாரன் என்றுதானே இருக்கிறது என்றார். பதிவேடு எழுதியவர் இந்த வாளியைப் பார்த்திருக்க மாட்டார் என்றாள்.

“சரி, குடிகாரன் இல்லேன்னே வச்சுக்குங்க. நிச்சயமா சொல்ல முடியுமா?”

“முடியாது சார். அவன் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் நல்லாக் குடிக்கிறவனாகூட இருக்கலாம். ஆனா இந்தப் படத்துல அவன் குடிக்கல.”

புழுக்கம் என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன்.

6 மார்ச், புதன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், இரண்டு ஞாயிறு பூசை தவறினேன் என்று சொன்னேன். வேறு ஏதாவது உண்டா மகளே என்று சாமியார் கேட்டார். அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது, எனக்கு மகன் இருந்திருந்தால். இல்லை என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஒன்பது சொன்னேன்.

7 மார்ச், வியாழன்

அந்த ஆகஸ்டில் காப்பாளர் பதவி காலியாக இருந்தது. இரண்டு பேரின் பெயர் போயிருந்தது. ஒன்று என்னுடையது.

9 மார்ச், சனி

தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனேன். முத்தியால்பேட்டையில் ஒரு படச்சட்டக் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு முதலில் அங்கே போனேன். அவர் வேலைக்கு வருவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்று கடைக்காரர் சொல்லி, தெருவைக் காட்டினார்.

ஒடுக்கமான தெரு. ஓட்டு வீடு. பதினோரு மணி இருக்கும். அவர் மனைவி சுலோச்சனா வாசலில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்திலிருந்து என்றதும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

தணிகாசலம் உள்ளே பாயில் சாய்ந்திருந்தார். ஐம்பத்தாறு வயது ஆள் எழுபது போலத் தெரிந்தார். கைகள் மட்டும் அப்படியே இருந்தன. நீளமான, சுத்தமான விரல்கள். ஆனால் நடுங்கின. வாங்க மேடம் என்றார். அப்போது வாடை வந்தது. சாராய வாடை. காலை பதினோரு மணிக்கு.

அந்த வாடை மூக்கில் பட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. அது என்ன என்று எழுதக் கை கூசுகிறது. நிம்மதி. பார்த்தாயா, குடிகாரன்தான், நீ ஒன்றும் தவறாகச் சொல்லிவிடவில்லை என்று ஒரு குரல் எனக்குள் சொன்னது. ஒரு நிமிடம் நன்றாக மூச்சு விட்டேன். எட்டு வருடத்தில் அப்படி விட்டதில்லை.

“அந்தப் படம் பாதியிலேயே நிக்குதா?” என்று கேட்டார். இல்லை, முடித்துவிட்டார்கள் என்றேன். கீழே என்ன இருந்தது என்றார். வாளி என்றேன். நினைத்தேன் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுலோச்சனா வாசல்வரை வந்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“கல்யாணமான நாள்லேருந்து ஒரு சொட்டு தொட்டதில்லம்மா. வேலய விட்டு அனுப்பினாங்க பாருங்க, அதுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் மொதமொதல்ல குடிச்சிட்டு வந்தாரு. கேட்டேன். குடிக்காமலே பேரு வாங்கியாச்சு, குடிச்சாத்தான் என்னன்னாரு.”

பொண்ணுக்குப் பேசி வைத்திருந்த இடமும் அந்தப் பேரால்தான் போயிற்று என்றார். பிறகு வேறு இடத்தில் கொடுத்தார்களாம். அங்கே அவள் அப்பாவை வரவேண்டாம் என்கிறாள். கணவரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று சுலோச்சனா அவரிடம் பல தடவை கேட்டாராம். எவரோ பார்த்ததைச் சொன்னார்கள், விடு என்று முடித்துவிடுவாராம்.

விசாரணை அன்று நான் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மனைவியிடம் என் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை.

“கூட வேலை பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தாம்மா எட்டிப் பாத்தீங்க” என்று சுலோச்சனா என் கையைப் பிடித்தார்.

வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

10 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்கவில்லை.

12 மார்ச், செவ்வாய்

இரண்டு நாளாக எழுதிக் கிழித்து, இன்று அருளப்பன் சாரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நகலை இங்கே ஒட்டிவைக்கிறேன்.

‘2016 ஆகஸ்ட் விசாரணையில் திரு. தணிகாசலம் தம்மைக் குறித்துச் சொன்னவை அனைத்தும் உண்மை. அவர் உமிழ்நீரைக் கொண்டு ஓவியங்களைச் சுத்தம் செய்துவந்தார். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் வாயைத் தண்ணீரால் பலமுறை கொப்பளிப்பார். தண்ணீரில் தூசி இல்லையென்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வார். அன்று நான் கண்டது அதுவே. இப்படி ஒரு முறை உண்டா, உங்களுக்குத் தெரியுமா என்று குழு என்னைக் கேட்டபோது தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அவரே எனக்குக் கற்றுத்தந்திருந்தார். ஒரு சிறு நிலக்காட்சிப் படத்தின் மூலையை நானே அந்த முறையில் சுத்தம் செய்திருக்கிறேன்.’

அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார், அந்த ஆள் இப்போது ஊரறியக் குடிக்கிறான் மேடம், இதை யார் நம்புவார்கள், யாருக்கு என்ன லாபம். ஜூனில் ஓய்வு பெறப்போகிறீர்கள். இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர். எடுத்துக்கொண்டு போங்கள், நான் பார்க்கவில்லை என்று கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

நானும் எடுத்துக்கொண்டேன். படிக்கட்டு வரைக்கும் வந்தேன். அங்கே மிருதுளா ஏழாம் எண்ணை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். எதிரே வந்ததும் நான் ஒதுங்கி வழிவிட்டேன். திரும்பிப் போய்க் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். குழுவைக் கூட்டுங்கள் சார் என்றேன்.

15 மார்ச், வெள்ளி

குழு கூடியது. அதே மூன்று பேர், அதே அறை. அன்று எச்சில் என்ற சொல்லைத் தணிகாசலம் சொன்னதும் ஒருவர் சிரித்ததும், இன்னொருவர், பிரான்ஸிலிருந்து வந்த படத்தில் எச்சில் துப்பினாயா என்று எழுந்து நின்றதும் இதே மேசையில்தான். தணிகாசலம் என்னைப் பார்த்தார் அன்று. மேடத்துக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள் என்று அவர்தான் சொன்னார். அதனால்தான் என்னைக் கேட்டார்கள். இதைக் கடிதத்தில் எழுதக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. இன்று வாயால் சொன்னேன்.

“அந்தத் தம்ளர்ல என்ன இருந்தது?” என்று கேட்டார்கள்.

“தண்ணீர்.”

“இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்களா?”

“அன்னைக்கே தெரியும்.”

ஏன் பொய் சொன்னீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் பதவிப் பெயர்ப்பலகை அவர்கள் கண்ணெதிரே இருந்தது.

முடிவு: கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பார்கள். 2016 உத்தரவில் திருத்தம் செய்வார்கள். வெளியில் அறிவிப்பு கிடையாது. நான் திங்கள் முதல் விடுப்பில் போய் அப்படியே ஓய்வு பெற வேண்டும். திறப்பு விழாவுக்கு வர வேண்டியதில்லை. சரி என்றேன்.

16 மார்ச், சனி

கடைசி நாள். ஏழாம் எண்ணுக்குப் புதுக் குறிப்பு எழுதிக்கொடுத்தேன்.

‘ஒயின் ருசி பார்ப்பவர். நிலவறைக் காவலர் ஒருவர் தம் வேலையைச் செய்கிறார். நிறத்தை வெளிச்சத்தில் பார்த்து, ஒரு மடக்கை வாயில் ஒதுக்கி, சுவை அறிந்து, காலடியில் உள்ள வாளியில் துப்பிவிடுவார். கதவு திறந்திருக்கிறது, மறைக்க எதுவும் இல்லை. இப்படத்தை நெடுங்காலம் குடிகாரன் என்றே பதிவேடு குறித்தது. வாளி அழுக்கில் மறைந்திருந்தது. அதைத் துடைத்துப் பார்க்குமுன் எழுதிய பெயர் அது.’

அருளப்பன் சார் கடைசி வரியை அடித்தார். மற்றதை விட்டுவிட்டார். மிருதுளா தன் அறிக்கையில் முகமும் கையும் 2016இல் தணிகாசலம் சுத்தம் செய்தவை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாள். போகும்போது எனக்குக் கை கொடுக்கவில்லை.

17 மார்ச், ஞாயிறு

கடிதத்தின் நகலோடு முத்தியால்பேட்டைக்குப் போனேன். இருவரும் இருந்தார்கள். அவர் இன்னும் குடித்திருக்கவில்லை. கை அதிகமாக நடுங்கியது. உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே படித்தேன். ‘எனக்குத் தெரியும்’ என்ற இடத்தில் சுலோச்சனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

முடித்ததும் தணிகாசலம் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“இத வச்சு நான் இப்ப என்ன பண்றது மேடம்?”

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது வாயிலிருந்து வரவில்லை.

சுலோச்சனா என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நாங் கையப் பிடிச்சப்ப ஒண்ணும் சொல்லாம ஆரஞ்சு குடுத்துட்டுப் போனீங்களேம்மா.”

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“வாங்க. இந்தத் தெருவுல பத்து வீடு. இப்ப இவரு குடிக்கிறாரு, அது எல்லாருக்கும் தெரியும். அப்ப குடிக்கல, அது யாருக்கும் தெரியாது. வந்து படிங்க.”

போனேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர் செய்தித்தாளோடு வந்து நின்றார். என் குரல் எழும்பவில்லை. சத்தமா என்றார் சுலோச்சனா. சத்தமாகப் படித்தேன். பெரியவர் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். சரிம்மா என்று உள்ளே போய்விட்டார். இரண்டாம் வீட்டில் ஓர் ஆள், இதையெல்லாம் இப்போது எதற்கு என்றான். சுலோச்சனா அடுத்த வீட்டுக்கு நடந்தார். மூன்றாவதில் ஓர் அம்மா அழுதார். எனக்காக இல்லை. நான்காம் வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“உமிழ்நீர்னா இவங்களுக்கு என்ன புரியும் மேடம்? எச்சில்னு படிங்க.”

தணிகாசலம். சட்டை போட்டுக்கொண்டு, பொத்தான் மாறிப்போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எச்சில் என்று படித்தேன்.

அந்த வீட்டுப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், மாவுக் கையோடு வந்தவர், கடிதம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினார்.

“எச்சில்ல அழுக்கு போகுமாய்யா?”

“போகும்க்கா. தண்ணியவிட நல்லாப் போகும். வாய நாலு தடவ கொப்பளிச்சிட்டு, பஞ்ச நாக்குல தொட்டு, அழுத்தாம உருட்டணும். தேய்க்கக் கூடாது. பஞ்சு பழுப்பாச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கணும். ஒரு முகம் முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆச்சு.”

அவர் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டு எட்டு வருடம் ஆகிறது. அந்தப் பெண்மணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே கைகாட்டினார். சாமி மாடத்துக்கு மேலே ஒரு பழைய எண்ணெய்வண்ணப் படம், புகையேறிக் கறுத்துத் தொங்கியது. முகம் தெரியவில்லை.

“எங்க மாமனாரு. வெளக்குப் பொகையில இப்படி ஆயிடுச்சு. தொடச்சுக் குடுக்கிறியா?”

தணிகாசலம் வாசற்படியில் நின்றே அதைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“இப்ப என் எச்சில் ஆகாதுக்கா. ஒரு வாரம் போகட்டும். பாக்கலாம்.”

சுலோச்சனா அவரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வீட்டுக்கு நடந்தார். கடிதத்தைப் பிரித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். இன்னும் ஆறு வீடு இருந்தது.